வேரும் காளானும்
(துணுக்காயில் நடந்த தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வன்னியில் குடியேறிய மலையகக் குடும்பங்கள் இன்றும் உறவு பார்க்கத் தோட்டங்களுக்குப் போய்வருகின்றன. கைவிட்ட தேயிலை மலைகளில் நிற்கும் பைனஸ் மரங்களைப் பார்த்திருப்பீர்கள். மத்திய அமெரிக்காவுக்கும் கரீபியன் தீவுகளுக்கும் உரிய மரம் அது. 1970களிலும் 1980களிலும் இங்கே பெருமளவில் நட்டார்கள்.

அந்த மரம் தனியே தழைக்காது. புவேர்ட்டோ ரிக்கோ தீவில் பல வருடங்களாக நட்ட பைன் கன்றுகள் மஞ்சளாகிக் கருகின. 1955இல் வட கரோலைனாவின் பைன் காட்டு மண்ணைக் கொண்டுவந்து இட்டார்கள். கன்றுகள் நிமிர்ந்தன. அந்த மண்ணோடு வந்த பூஞ்சைதான் காரணம்.

பூஞ்சையின் இழை தலைமுடியை விட மெல்லியது. வேர்நுனியைப் போர்வைபோல் மூடி, வேர் எட்டாத இடத்திலிருந்தும் தண்ணீரும் பொசுபரசும் கொண்டுவருகிறது. பதிலுக்கு இலை செய்த சர்க்கரையில் மரம் பங்கு கொடுக்கிறது. மழைக்குப் பிறகு மரத்தடியில் முளைக்கும் காளான் அந்தப் பூஞ்சையின் கனி. ஜப்பானில் பெருவிலை போகும் மட்சுத்தாக்கே காளான் இப்படிப் பைன் வேரோடு வாழ்வது. மரத்தூள் பையில் சிப்பிக்காளான் வளர்ப்பதுபோல் அதை வளர்க்க முடியவில்லை. உயிருள்ள வேர் வேண்டும். நம் பக்கத்துப் புற்றுக்காளான் வேறு வகை. அதன் கூட்டாளி கறையான்.

தாய்மாரே, ஒன்றைக் கவனியுங்கள். வேரோடு வாழும் காளான்களில் நஞ்சுள்ளவையும் உண்டு. வெள்ளிக்காசு போட்டுப் பார்ப்பது சோதனையல்ல. சில விஷம் அவித்தாலும் போகாது. வாந்தி தொடங்க ஆறு மணித்தியாலத்துக்கு மேலும் ஆகலாம். பெயர் தெரியாத காளானைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். சாப்பிட்டு வருத்தம் வந்தால் மிச்சக் காளானையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தேயிலை வேரிலும் பூஞ்சை உண்டு. அது காளான் விடாத இனம், கண்ணுக்குத் தெரியாது. அந்த இனத்தைப் பற்றிய 2011ஆம் ஆண்டு ஆய்வொன்று, கூடுதலாகக் கொடுக்கும் பூஞ்சைக்கு வேர் கூடுதல் சர்க்கரை கொடுப்பதைக் காட்டியது. மண்ணுக்குள்ளேகூட உழைப்புக்கேற்ற பங்கு உண்டு. நமக்கோ, 1000 ரூபாய் நாட்சம்பளம் கேட்கத் தொடங்கி 2021 மார்ச்சில் வர்த்தமானி வரும்வரை வருடக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. சங்கம் கேட்பது தானமல்ல. இலை பறிக்கும் கைக்கு உரிய பங்கு. அதை ஒற்றை இழையாக நின்று பெற முடியாது. பின்னிப் படர்ந்தால்தான் பெற முடியும்.