திறந்த வாசலும் இரவல் மேசையும்



கல்லூரி நூலகம் ஒன்றில் இரவல் விண்ணப்பங்களைக் கவனிப்பது என் வேலை. எங்களிடம் இல்லாத நூலை, கட்டுரையை வேறொரு நூலகத்திலிருந்து வரவழைத்துக் கொடுப்போம். இதற்குக் கல்லூரி டெல்நெட் போன்ற வலையமைப்பில் பணம் கட்டி உறுப்பினராக வேண்டும். படிப்பை முடித்து வெளியேறியவருக்கோ, கல்லூரி வாசலையே மிதிக்காதவருக்கோ அதில் இடமில்லை.

ஓபன் ஆக்சஸ் என்கிற திறந்த வெளியீடு இந்தச் சுவரில் பெரிய ஓட்டை போட்டிருக்கிறது. முனைவர் பட்ட ஆய்வேடுகளையே பாருங்கள். முன்பு ஒன்றைப் படிக்க அந்தப் பல்கலைக்கழகத்துக்கே போக வேண்டும். வெளியே இரவல் கிடைப்பது அரிது. 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு ஆய்வேடுகளின் மின்பிரதியைக் கட்டாயமாக்கியது. இன்று சாதி பற்றியும் நிலவுரிமை பற்றியும் எழுதப்பட்ட ஆய்வேடுகளை சோத்கங்கா தளத்தில் யாரும் கைபேசியிலேயே படிக்கலாம். யாருடைய கையெழுத்தும் பரிந்துரையும் வேண்டாம். மகாராஷ்டிர அரசு பதிப்பித்த அம்பேத்கரின் எழுத்துகளும் பேச்சுகளும் அப்படியே இலவசமாகக் கிடைக்கின்றன. கட்டுரை கேட்டு என்னிடம் வருபவர்கள் குறைந்துவிட்டார்கள். அதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

ஆனால் இதையே காரணம் காட்டி, "எல்லாம்தான் இணையத்தில் இருக்கிறதே, இரவல் சேவைக்கு எதற்குச் செலவு?" என்று கேட்கிறார்கள். இங்கேதான் நாம் விழித்துக்கொள்ள வேண்டும்.

பொதுக் குளங்கள் எல்லோருக்கும் உரியவை என்று பம்பாய் சட்டமன்றம் 1923இல் தீர்மானம் போட்டது. மகத் நகராட்சியும் அதை ஏற்றது. ஆனாலும் சவுதார் குளத்தில் தண்ணீர் அள்ள 1927இல் அம்பேத்கர் தலைமையில் மக்கள் திரண்டு போக வேண்டியிருந்தது. திறந்துவிட்டோம் என்று அறிவிப்பது வேறு, கைக்கு எட்டுவது வேறு.

இப்போதும் என்னிடம் வரும் விண்ணப்பங்கள் எவை தெரியுமா? மறுபதிப்பு காணாத தமிழ் நூல்கள், பழைய சிறுபத்திரிகைகள், ஆயிரக்கணக்கில் விலை வைத்த வெளிநாட்டுப் பதிப்பகப் புத்தகங்கள். இவை திறந்த வெளியீட்டுக்குள் வரவில்லை. 2024இல் ஒன்றிய அரசு அறிவித்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டமும் தீர்வல்ல. மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய் செலவில் அது வாங்குவது ஆய்விதழ்களை மட்டுமே, அதுவும் அரசு நிறுவனங்களுக்கு. சுயநிதிக் கல்லூரியில் கடன் வாங்கிப் படிக்கும் முதல் தலைமுறைப் பிள்ளை வெளியேதான் நிற்கிறாள்.

மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் ஆய்வு மக்களுக்குத் திறந்திருக்கட்டும் என்று கேட்போம். கூடவே, கட்டுரைக்கான இரவலில் மிச்சமாகும் நேரத்தையும் பணத்தையும் புத்தகத்தை வரவழைக்கச் செலவிடுங்கள், ஊர்ப்புற நூலக வாசகருக்கும் அந்தச் சேவையைக் கொடுங்கள் என்றும் கேட்போம். உங்கள் நூலகத்தில் இரவல் விண்ணப்பப் படிவம் இருக்கிறதா என்று நாளைக்கே போய் விசாரியுங்கள்.

ஜெய்பீம்.