சுடாத செங்கல்

(காளவாசலில் கூடிய நன்கொடையாளர் கூட்டத்தில் நம் மருத்துவமனையின் சார்பில் ஆற்றிய உரை)



வழக்கமாக இப்படிக் கூடும்போது புதிய வார்டுக்கும், ஏழை நோயாளிகளின் மருந்துச் செலவுக்கும் உதவி கேட்போம். நீங்களும் முகம் சுளிக்காமல் கொடுத்து வந்திருக்கிறீர்கள். கட்டில் வாங்கினால் அதன் தலைமாட்டில் கொடுத்தவர் பெயரை எழுதி வைக்கலாம். இம்முறை நாங்கள் கேட்பதற்குப் பெயர் எழுதவும் இடமில்லை. கல்லீரல், பித்தநாளப் புற்றுநோய்களைப் பற்றிய ஆரம்பகட்ட ஆராய்ச்சிக்காக வந்திருக்கிறோம்.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவரை அவருடைய மகன் அழைத்து வந்தார். கண்ணில் மஞ்சள், உடம்பெல்லாம் அரிப்பு. வலி மட்டும் இல்லை. வலி இல்லாததால் அவசரப்படவும் இல்லை. இரண்டு மாதமாகக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து குடித்திருக்கிறார். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் பித்தநாளத்தைக் கட்டி அடைத்திருந்தது. ஆபரேஷன் செய்யும் நிலையை நோய் தாண்டிவிட்டது. அடைப்பில் ஒரு குழாய் வைத்து, மஞ்சளையும் அரிப்பையும் குறைத்து அனுப்பினோம். "முன்னாடியே ரத்தத்துல பார்த்துச் சொல்ல முடியாதாங்கய்யா?" என்று மகன் கேட்டார். இந்த நோயை ஆரம்பத்திலேயே நம்பகமாகக் காட்டிக் கொடுக்கும் ரத்தப் பரிசோதனை இன்னும் இல்லை என்பதுதான் எங்கள் பதில். அதைச் சொல்ல எங்களுக்கு வெட்கமாக இருந்தது.

கீழாநெல்லியை நாங்கள் ஏளனம் செய்யவில்லை. மஞ்சள் காமாலைக்கு நம் பாட்டிமார் கொடுத்த இந்தச் செடி ஹெபடைடிஸ் பி கிருமியை எதிர்க்குமா என்று சென்னைப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் ஆராய்ந்தார்கள். வருடக்கணக்கில் உடலில் தங்கும் அந்தக் கிருமி, கல்லீரல் புற்றுநோய்க்கு ஒரு முக்கியக் காரணம். முதலில் சோதனைக் குழாயில் பார்த்தார்கள். அமெரிக்காவில் வுட்சக் என்ற, அணில் இனத்தைச் சேர்ந்த வளை தோண்டும் பிராணியிடமும் சோதனை நடந்தது. அதற்கும் இதேபோன்ற ஒரு கிருமி வருவதுண்டு. பிறகு மனிதர்கள். 1988ல் லான்செட் பத்திரிகையில் முடிவு வெளியாயிற்று. முப்பது நாள் கீழாநெல்லி உட்கொண்ட 37 பேரில் 22 பேருடைய ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. வெற்று மருந்து உட்கொண்ட 23 பேரில் ஒருவருக்கே அப்படி ஆயிற்று. மருத்துவ உலகம் திரும்பிப் பார்த்தது. ஆனால் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் பின்னர் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

அப்படியானால் செலவிட்ட பணம் வீணா? நாங்கள் அப்படி நினைக்கவில்லை. இன்று ஒருவர் "கீழாநெல்லி போதுமா?" என்று கேட்டால், அதை நம்பிக் காலம் தாழ்த்தாதீர்கள் என்று ஆதாரத்தோடு சொல்ல முடிகிறது.

1988 ஆய்வில் பங்கு கொண்டவர்களில் ஒருவர் பரூக் புளூம்பெர்க். 1960களில் அவர் ஹெபடைடிஸைத் தேடிப் போகவில்லை. மனிதருக்கு மனிதர் ரத்தப் புரதங்கள் எப்படி மாறுகின்றன என்றுதான் பார்த்துக் கொண்டிருந்தார். ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் புதிதாக ஒன்று தென்பட்டது. அது ஹெபடைடிஸ் பி கிருமியின் மேலுறை என்று பிற்பாடு தெரிந்தது. 1976ல் அவருக்கு நோபல் பரிசு. 1981ல் அமெரிக்காவில் தடுப்பூசிக்கு அனுமதி. 1984ல் தைவான் பச்சைக் குழந்தைகளுக்குப் போடத் தொடங்கியது. அங்கே 6 முதல் 14 வயதுவரையுள்ள பிள்ளைகளில் கல்லீரல் புற்றுநோய் லட்சத்துக்கு 0.70 என்றிருந்தது, 1990-94ல் 0.36 ஆகக் குறைந்தது. முதல் ரத்தக் குப்பியை எடுத்து வைத்த நாளில் அதற்கு யார் பணம் கொடுத்திருப்பார்கள்?

நாம் கூடியிருக்கும் இந்த இடத்தின் பெயரே செங்கல் சூளையைக் குறிப்பது. பச்சைக் கல்லை யாரும் விலைக்குக் கேட்பதில்லை. ஒரு மழை வந்தால் கரைந்துவிடும். சுட்ட கல்லுக்கு லாரியோடு வந்து நிற்பார்கள். ஆராய்ச்சியிலும் அப்படித்தான். பலன் தெரிந்த பிறகு மருந்துக் கம்பெனிகள் வருகின்றன. நிதி தரும் அமைப்புகளோ முதற்கட்ட முடிவுகளைக் காட்டு என்கின்றன. அந்த முதற்கட்டத்துக்கான விறகைத்தான் உங்களிடம் கேட்கிறோம்.

என்ன வாங்குவோம்? மைனஸ் 80 டிகிரியில் ரத்தத்தையும் கட்டித் துணுக்குகளையும் காக்கும் ஒரு குளிர்பெட்டி. கரண்ட் போனால் ஓட ஜெனரேட்டர். நோயாளியிடம் தமிழில் விளக்கி, மனமுவந்த சம்மதம் பெற்று, விவரங்களைப் பதிவு செய்ய ஒரு நர்ஸ்; அவருக்கு மூன்று வருடச் சம்பளம். இந்த நர்ஸ்தான் எல்லாவற்றிலும் முக்கியம். விவரம் இல்லாத ரத்தக் குப்பி வெறும் குப்பி. இப்படிச் சேர்த்த கட்டிகளை ஆராய்ந்துதான், பித்தநாளப் புற்றுநோய் சிலவற்றில் எஃப்ஜிஎஃப்ஆர்2 என்ற மரபணு மாறியிருப்பதைக் கண்டார்கள். அதைக் குறிவைக்கும் பெமிகாடினிப் என்ற மாத்திரைக்கு 2020ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அந்த மாற்றம் உள்ளவர்களுக்கு மட்டுமே அது உதவும். நம் ஜனங்களில் யாருக்கு என்ன மாற்றம் இருக்கிறது என்பதை நம் ஜனங்களிடம்தானே பார்க்க வேண்டும்?

அந்தப் பெரியவர் இப்போது இல்லை. அவருடைய மகன் சென்ற மாதம் வந்து காணிக்கையாக நூறு ரூபாய் கொடுத்துவிட்டுப் போனார். இந்த நிதியின் முதல் ரசீது அவருடையது. உங்கள் காணிக்கையை அனுப்பும்போது "ஈரல் ஆராய்ச்சிக்கு" என்று குறிப்பிடுங்கள். பலன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் வருடந்தோறும் இந்த மடலில் கணக்கோடு எழுதுவோம். எங்களுக்காக ஜெபித்துக் கொள்ளுங்கள்.