உரைத்துப் பார்த்தபின் மருந்து

விருத்தாசலம் என்றவுடன் பழமலைநாதர் கோயிலும் மணிமுத்தாறும் நம் நினைவுக்கு வரும். அவற்றோடு பீங்கான் தொழிலும் நினைவுக்கு வரும். அவ்வூரில் களிமண் பொம்மையாகவும், விளக்காகவும், மின்சாரக் கருவிகளின் உறுப்பாகவும் உருப்பெற்றுச் சூளைக்குள் செல்கிறது. பீங்கான் வேகும் சூளையின் வெப்பம் 1,200 பாகை செல்சியஸைக்கூடத் தாண்டுவதுண்டு. வெப்பம் சற்றுக் குறைந்தால் பொருள் வேகாது. சற்று மிகுந்தால் வளைந்து உருக்குலையும். ஆகவே, சூளைக்குள் வெப்பமானி ஒன்று இருந்துகொண்டே இருக்கும். அது காட்டும் அளவைப் பார்த்தே எரிபொருளைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள்.

நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள், ஆண்களின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோன் குறைவதைப் பற்றியது. அதற்கும் சூளைக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். நம் உடலும் அந்த ஹார்மோனை ஏறக்குறைய இப்படித்தான் அளந்து, கூட்டி, குறைத்துக் காத்து வருகிறது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால், இன்று இளைஞர்களை ஏமாற்றும் பல விளம்பரங்களின் குட்டு வெளிப்பட்டுவிடும்.

காயடித்த காளை அடங்கி நடக்கும் என்பது நம் உழவர்கள் தொன்றுதொட்டு அறிந்த செய்தி. ஆனால் அதன் காரணம் நெடுங்காலம் விளங்கவில்லை. 1849-ஆம் ஆண்டு ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பெர்த்தோல்டு என்னும் அறிஞர் சேவல்களைக் கொண்டு ஒரு சோதனை செய்தார். விரைகளை நீக்கிய சேவல்களுக்குக் கொண்டை சுருங்கியது. கூவலும் போரும் நின்றன. அவற்றுள் சிலவற்றின் வயிற்றுக்குள் விரையைத் திரும்பப் பதித்தபோது, நரம்புத் தொடர்பு ஏதும் இல்லாமலேயே, அவை மீண்டும் சேவலாக வளர்ந்தன. விரையிலிருந்து ஏதோ ஒரு பொருள் இரத்தத்தில் கலந்து உடலெங்கும் சென்று வேலை செய்கிறது என்பது இதனால் புலனாயிற்று. 1935-இல் ஆம்ஸ்டர்டாம் அறிஞர்கள் அப்பொருளைத் தனியே பிரித்தெடுத்து, டெஸ்டோஸ்டிரோன் என்று பெயரிட்டனர். அதே ஆண்டில் பூட்டனாண்டும் ரூசிக்காவும் அதனை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கினர். அவ்விருவருக்கும் 1939-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது.

இனி, உடலின் ஏற்பாட்டைப் பார்ப்போம். மூளையில் ஹைப்போதலாமஸ் என்னும் பகுதி இருக்கிறது. அது பிட்யூட்டரிச் சுரப்பிக்கு ஆணையிடுகிறது. பிட்யூட்டரி, லூட்டினைசிங் ஹார்மோனை இரத்தத்தில் விடுகிறது. அது விரைக்குச் சென்று, அங்குள்ள லேடிக் செல்களை டெஸ்டோஸ்டிரோன் சுரக்கச் செய்கிறது. இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் போதிய அளவு இருப்பதை மூளை அறிந்ததும் ஆணை தளர்கிறது. குறைந்தால் மீண்டும் முடுக்கப்படுகிறது. குரல் தடிப்பதும், மீசை அரும்புவதும், தசை திரள்வதும், எலும்பு உறுதி பெறுவதும், இரத்தத்தின் செவ்வணுக்கள் பெருகுவதும் இந்த ஹார்மோனின் துணையால் நிகழ்கின்றன. விந்தணு உற்பத்திக்கும் அது இன்றியமையாதது.

இந்த ஏற்பாட்டில் பழுது இரண்டு இடங்களில் நேரலாம். ஒன்று, விரையே பழுதுபடுவது. பிறவியிலேயே ஓர் எக்ஸ் குரோமோசோம் மிகுந்திருக்கும் கிளைன்ஃபெல்டர் நிலை இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1942-இல் விவரிக்கப்பட்ட அந்நிலையின் குரோமோசோம் காரணம் 1959-இல் கண்டறியப்பட்டது. பருவ வயதில் வரும் பொன்னுக்கு வீங்கி சிலருக்கு விரையையும் தாக்குவதுண்டு. தொழுநோயும் முற்றினால் அவ்வாறு தாக்கும். மற்றொன்று, விரை நன்றாக இருந்தும் மேலிருந்து ஆணை வராமை. பிட்யூட்டரியில் தோன்றும் கட்டி முதலியவை இதற்குக் காரணமாகும்.

இவற்றைவிட நம் நாட்டில் நாம் அதிகம் கவலைப்பட வேண்டிய காரணங்கள் உடற்பருமனும் நீரிழிவும் ஆகும். அமெரிக்காவின் பஃபலோ நகரில் பரேஷ் தண்டோனாவும் அவருடைய குழுவினரும் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 103 ஆண்களை ஆராய்ந்து 2004-இல் முடிவுகளை வெளியிட்டனர். அவர்களுள் மூவரில் ஒருவருக்கு இந்த ஹார்மோன் குறைந்திருந்தது. நீரிழிவு மலிந்த தமிழ்நாட்டில் இச்செய்தியை நாம் எளிதாக ஒதுக்கிவிட முடியாது. உறக்கமும் முக்கியம். சிகாகோவில் நலமுள்ள இளைஞர் 10 பேரை ஒரு வாரம் இரவுக்கு 5 மணி நேரமே உறங்கச் செய்தபோது, அவர்களுடைய பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 விழுக்காடு வரை குறைந்தது. இம்முடிவு 2011-இல் வெளிவந்தது. தேர்வுக் காலத்தில் இரவெல்லாம் விழித்திருக்கும் மாணவர்கள் இதனை எண்ணிப் பார்க்கட்டும்.

சூளையருகே வேலை செய்வோர்க்கும் ஒரு சொல். விரைகள் உடலுக்குள் இராமல் வெளியே பையில் தொங்குவது காரணத்தோடுதான். விந்தணு உருவாவதற்கு உடல் வெப்பத்தினும் சில பாகை குறைந்த வெப்பம் வேண்டும். இத்தாலியில் பீங்கான் சூளைத் தொழிலாளரை ஆராய்ந்து 1992-இல் வெளியிட்ட ஒரு கட்டுரை, மிகுந்த வெப்பத்தில் பணிபுரிந்தவர்களிடையே குழந்தைப்பேற்றில் தடை மிகுதியாகக் காணப்பட்டதைத் தெரிவித்தது. ஆனால் ஒன்றை மறவாதீர்கள்: வெப்பம் முதன்மையாகத் தாக்குவது விந்தணுவை. ஹார்மோன் குறைவு வேறு, விந்தணுக் குறைவு வேறு. ஒன்றுக்குரிய மருந்தை மற்றொன்றுக்குக் கொடுப்பது கேட்டில் முடியும். அது எப்படி என்பதைப் பிறகு சொல்கிறேன்.

குறைவை எவ்வாறு அறிவது? சோர்வு, ஊக்கமின்மை, தூக்கக் கேடு ஆகியவை மட்டும் இருந்தால் இந்த ஹார்மோன்தான் குறைந்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இரத்தசோகையும் தைராய்டுக் குறைவும் மனச்சோர்வும் இதே முகத்தைக் காட்டும். பாலுணர்வு குன்றுதல், காலை விறைப்பு அற்றுப்போதல், முகமயிர் குறைதல் போன்ற குறிகள் கூடுதல் பொருளுடையவை. பதினான்கு வயதாகியும் பருவ வளர்ச்சியின் அறிகுறி தொடங்காத சிறுவனை மருத்துவரிடம் காட்டுவது நல்லது. டெஸ்டோஸ்டிரோன் காலையில் மிகுந்தும் மாலையில் குறைந்தும் இருப்பது இயல்பு. ஆகவே, காலையில் வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்துச் சோதிக்க வேண்டும். அளவு குறைவாக இருந்தால் வேறொரு நாளில் மறுபடியும் சோதிக்க வேண்டும். அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் 2018-இல் வகுத்த நெறிப்படி, ஒரு டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே இருப்பது குறைவு. அவ்வளவும் அறிகுறிகளும் சேர்ந்திருந்தால்தான் நோய் என்று சொல்வது முறை. அதன்பின், பழுது விரையிலா, மேலிடத்திலா என்பதை லூட்டினைசிங் ஹார்மோனின் அளவு காட்டிக் கொடுக்கும்.

மெய்யாகவே குறைவு உள்ளவர்க்கு மருத்துவம் உண்டு. அது நல்ல மருத்துவமும்கூட. ஊசியாகவோ, தோலில் பூசும் களிம்பாகவோ டெஸ்டோஸ்டிரோன் தரப்படுகிறது. அதனால் பாலுணர்வு மீளும், எலும்பின் அடர்த்தி கூடும், இரத்தசோகை குறையும். இதயத்துக்குத் தீங்கு வருமோ என்ற அச்சம் நெடுநாள் இருந்தது. 5,200-க்கும் மேற்பட்ட ஆண்களைக் கொண்டு நடத்திய பெரிய ஆய்வொன்று 2023-இல் வெளிவந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் மிகவில்லை என்றும், ஆனால் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுதலும் நுரையீரலில் இரத்தம் உறைதலும் சற்று மிகுந்தன என்றும் அது காட்டியது. இரத்தம் அளவுக்கு மேல் தடித்துவிடுகிறதா என்பதையும், புராஸ்டேட் சுரப்பியின் நிலையையும் மருத்துவர் அவ்வப்போது பார்த்துவர வேண்டும். பருமனால் வந்த குறைவாயின், எடை குறைந்தாலே ஹார்மோன் ஓரளவு தானே உயர்வதுண்டு.

இப்போது சூளைக்குத் திரும்புவோம். சூளையின் வெப்பமானிக்கு அருகே யாரோ ஒரு தீப்பந்தத்தைப் பிடித்தால் என்ன ஆகும்? உள்ளே போதிய வெப்பம் இருக்கிறது என்று அது காட்டும், எரிபொருள் நிறுத்தப்படும், சூளை குளிர்ந்துபோகும். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் செலுத்தினால் இதுவே நிகழ்கிறது. மூளை ஏமாறுகிறது, ஆணை நிற்கிறது, விரை சுருங்குகிறது, விந்தணு உற்பத்தி ஒடுங்குகிறது. உலகச் சுகாதார நிறுவனம் பல நாடுகளில் நடத்தி 1990-இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே பயன்படுத்திப் பார்த்தார்கள். பெரும்பாலோரிடம் விந்தணு முற்றிலும் அற்றுப்போயிற்று. உடற்பயிற்சிக் கூடத்தில் தசை வளர்க்கவென்று ஓர் இளைஞன் போட்டுக்கொள்ளும் ஊசி, அவன் அறியாமலே அவனுக்குக் கருத்தடையாகிறது. நிறுத்தினால் பெரும்பாலும் மீளும். ஆனால் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கும் மேல் ஆகும். குழந்தை வேண்டுவோர்க்கு மேலிடப் பழுதிருந்தால், விரையைத் தூண்டும் வேறு ஊசிகள் உண்டு. டெஸ்டோஸ்டிரோன் அவர்களுக்கு உரியதன்று.

நாணம் இருக்கும் இடத்தில் போலி மருத்துவன் கடை விரிக்கிறான். விடுதி அறையில் அமர்ந்து, 'இளமையில் செய்த தவறு' என்று அச்சுறுத்தி, பொடியும் லேகியமும் விற்போர் இன்னும் இருக்கிறார்கள். பாலின்பத் திறனைப் பெருக்கும் என்று மருந்துகளை விளம்பரம் செய்வதை இந்தியச் சட்டம் 1954-லேயே தடுத்துவிட்டது. அதனை மீறும் விளம்பரங்கள் இன்று கைப்பேசித் திரையில் வருகின்றன. தன்னின்பம் இந்த ஹார்மோனை அழிக்கிறது என்ற அவர்களுடைய கூற்றுக்கு மருத்துவ அறிவில் இடமே இல்லை.

முதுகுன்றமாகிய இவ்விருத்தாசலத்தில் சுந்தரர் பெற்ற பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது புராணம். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது அவருக்குக் கைகூடியது. உறக்கத்திலும் உணவிலும் இழந்ததை ஊசியில் தேடும் நமக்கு அது கைகூடாது. அந்தக் கதையில் இன்னொன்றும் உண்டு. குளத்தில் எடுத்த பொன்னை அவர் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. மாற்று உரைத்துப் பார்த்தார்.

மாணவ நண்பர்களே, உங்களிடம் நான் வேண்டுவதும் அதுவே. உடலைப் பற்றி ஐயம் தோன்றினால் நாணாமல் கேளுங்கள். அரசு மருத்துவமனை மருத்துவரிடம் கேளுங்கள். உரைத்துப் பார்க்காமல் எந்த மருந்தையும் தொடாதீர்கள். அளவில் குறைவு உண்டென்று தெரிந்தால் அதுவும் ஒரு நோய்தான், இழிவு அன்று. ஆண்மை என்பது ஒரு டெசிலிட்டரில் அளக்கப்படும் நானோகிராம் அன்று.