குழந்தைக்கு ஒவ்வாத மருந்து

பழவேற்காட்டு ஏரியின் நடுவே அமைந்த பசியாவரம் போன்ற மீனவர் ஊர்களில் குழந்தைக்கு நோய் முற்றிவிட்டால், அது ஒரே மருத்துவரின் கையில் தங்குவதில்லை. பழவேற்காட்டில் ஒருவர் பார்ப்பார்; பொன்னேரியில் மற்றொருவர்; பிறகு சென்னை எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனை. ஒவ்வோரிடத்திலும் மருந்து தருகிறார்கள். குழந்தை போய்ச் சேருகிறது; முன்னே தந்த மருந்தின் பெயர் போய்ச் சேருவதில்லை. குழந்தை நல மருத்துவன் என்ற முறையில் எனக்குக் கவலை அளிப்பது இதுவே.

குழந்தை என்பது சிறிய உருவில் உள்ள பெரியவர் அன்று. பிறந்து சில நாளே ஆன சிசுவின் கல்லீரலும் சிறுநீரகமும் மருந்தை மாற்றி வெளியேற்றும் வல்லமையை இன்னும் பெற்றிருப்பதில்லை. குளோரம்பெனிக்கால் என்னும் மருந்து டைபாய்டு காய்ச்சலில் எத்தனையோ உயிர்களைக் காத்தது. அதனையே பிறந்த குழந்தைகளுக்கு மிகுதியாகக் கொடுத்தபோது வயிறு உப்பி, உடல் சாம்பல் நிறமாகி, இரத்த ஓட்டம் தளர்ந்து பல சிசுக்கள் இறந்தன. 1959ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர்கள் இதனை வெளிப்படுத்தினார்கள். 2025இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு இருந்து, மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் மாண்டனவே, அது வேறு. நான் பேசுவது நல்ல மருந்தைப் பற்றி.

பென்சிலின் ஒரு குழந்தைக்கு ஒவ்வாது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை உடலில் தடிப்போடு போய்விடலாம். மறுமுறை மூச்சே அடைக்கலாம். "ஏதோ ஒரு மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று தாய் சொல்கிறாள். எந்த மருந்து? அது தெரிந்தால் அந்த இனத்து மருந்துகளையே நாங்கள் விலக்கிவிடுவோம்.

மருத்துவமனையில் செவிலியருக்குப் பல கட்டில்கள். தாய்க்கு ஒரே கட்டில். இமையும் உதடும் வீங்குவது, சிறுநீர் குறைவது, வழக்கத்துக்கு மாறாகக் குழந்தை சோர்ந்து உறங்குவது ஆகியவற்றை முதலில் காண்பவள் அவளே. படித்தவர்களிடம் இதைச் சொல்வதா என்று தயங்குகிறாள். தாய்மார்களே, தயங்காதீர்கள், உடனே சொல்லுங்கள்.

மருந்துகளின் தீய விளைவுகளைத் திரட்டும் தேசியத் திட்டம் ஒன்று 2010 முதல் நம் நாட்டில் நடைபெறுகிறது. வீட்டாரும் 1800-180-3024 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் தெரிவிக்கலாம். ஒவ்வாத மருந்தின் பெயரை மருத்துவரிடமே எழுதி வாங்குங்கள். படகில் வரும்போது நனையாதபடி அந்தச் சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் இட்டு, எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும் முதலில் அதனை எடுத்து நீட்டுங்கள்.