கித்தேரி முத்துவும் தேவராஜனும் மோதினா?

போன வாரம் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட் பக்கத்துல டீ குடிச்சிட்டு இருந்தேன். பக்கத்து பெஞ்சுல வாய்ச்சண்டை. கித்தேரி முத்துவும் தேவராஜனும் ஒரே ரிங்ல இறங்கினா யார் ஜெயிப்பாங்க?

'சார்பட்டா பரம்பரை' 2021-ல வந்ததுல இருந்து இந்தச் சண்டை எங்க பக்கம் இன்னும் ஜாஸ்தி. தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. கித்தேரி முத்து, நிஜமான சார்பட்டா பரம்பரையோட பழைய வீரர். ஆங்கிலோ இந்தியரான நாட் டெரியை அவர் அடிச்சு ஜெயிச்ச கதையை வடசென்னைல இன்னிக்கும் சொல்லுவாங்க. வி. தேவராஜன் 1994-ல பாங்காக்ல நடந்த குத்துச்சண்டை உலகக் கோப்பையில வெண்கலம் வாங்கின தமிழ்நாட்டு வீரர். 1995-க்கான அர்ஜுனா விருதும் வாங்கினவர். ரெண்டு பேருக்கும் நடுவுல ஏறக்குறைய அரை நூற்றாண்டு.

நமக்குத்தான் கை சும்மா இருக்காதே. வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தேன்.

இதை நான் முதல்ல செய்யல. 1967-ல அமெரிக்காவுல முர்ரே வொரோனர்னு ஒரு ரேடியோ தயாரிப்பாளர், பல காலத்து ஹெவிவெயிட் வீரர்கள் 16 பேரோட விவரத்தை என்.சி.ஆர் 315 கம்ப்யூட்டர்ல போட்டு ஒரு போட்டியே நடத்தினார். ஃபைனல்ல ராக்கி மார்சியானோ ஜெயிச்சார். முகமது அலி, 1900 வாக்குல சாம்பியனா இருந்த ஜிம் ஜெஃப்ரீஸ்கிட்ட தோத்துட்டாருன்னு மெஷின் சொல்லிடுச்சு. அலி சும்மா விடுவாரா? 10 லட்சம் டாலர் கேட்டு கேஸ் போட்டார். அப்புறம் சமாதானமாகி, 1969-ல அலியையும் மார்சியானோவையும் ஸ்டுடியோவுல நிக்க வச்சு நடிக்க வச்சாங்க. படம் 1970 ஜனவரியில தியேட்டருக்கு வந்தப்போ மார்சியானோ உயிரோட இல்ல. விமான விபத்துல இறந்துட்டார். அமெரிக்காவுல ஓடின பிரதியில 13-வது ரவுண்டுல மார்சியானோ நாக் அவுட். ஐரோப்பாவுல காட்டின பிரதியில அலி ஜெயிச்சார்! மெஷின் ஒண்ணுதான், முடிவு மட்டும் ஊருக்கு ஊர் வேற.

ஆனா ஒண்ணு ஒத்துக்கணும். அலி, மார்சியானோ ரெண்டு பேரையும் ஒப்பிட நடுவுல ஒரு பாலம் இருக்கு. ஆர்ச்சி மூர். 1955-ல மார்சியானோ அவரை 9-வது ரவுண்டுல வீழ்த்தினார். 1962-ல, இருபது வயசு அலி 4-வது ரவுண்டுலயே நிறுத்தினார். அதுக்குள்ள மூருக்கு வயசாயிடுச்சுன்னு நீங்க வாதாடலாம். வாதாடத் தேதி இருக்கு, ரவுண்டு இருக்கு, ஃபிலிம் இருக்கு.

இப்போ நம்ம ஆளுங்க. செஸ்ல வர்ற எலோ ரேட்டிங்கைத்தான் எடுத்துக்கிட்டேன். யாரை ஜெயிச்சாரோ அவரோட பலத்தைப் பொறுத்து புள்ளி ஏறும். தேவராஜன் கணக்கு நான் போட்டதுல 1700 வந்துச்சு. முத்துவுக்கு? எத்தனை சண்டை, யார் யாரோட, எந்தத் தேதி, எத்தனை கிலோ... எல்லாக் கட்டமும் காலி. காலியா இருந்தா 1500-னு எடுத்துக்கோன்னு நானே எழுதி வச்சிருந்தேன். என்டர் தட்டினேன். தேவராஜன் ஜெயிக்க 76 சதவீதம் வாய்ப்பு!

எரர் வரும்னு நினைச்சேன், வரல. தெரியாததையும் தெரிஞ்ச மாதிரியே மெஷின் சொல்லுச்சு. சொல்ல வச்சது நான்தான்.

மறுநாள் அதே டீக்கடை. அந்தப் பெஞ்சுல இருந்த தாத்தா கேட்டார்.

"இன்னா தம்பி, மெஷின் இன்னா சொல்லுச்சு?"

"தேவராஜன், தாத்தா. எழுபத்தாறு பர்சன்ட்."

"முத்துவுக்கு வெயிட் எத்தினி போட்ட?"

"போடல தாத்தா. கிடைக்கல."

எதிர்ல எடை மேடையில ஒரு டிரெய்லர் கம்பியோட ஏறிட்டிருந்துச்சு. அதைக் கை காட்டினார். "எடைச் சீட்டு இல்லாம அந்த வண்டிய வெளிய வுடுவானா? நீ மட்டும் எப்படிப்பா வுட்ட?"

பதில் சொல்ல முடியல. குத்துச்சண்டையில முதல் கேள்வியே எடைதானே? அதை விட்டுட்டு நான் பர்சன்ட் சொல்லிட்டிருக்கேன்.

சரி, என் கணிப்பு என்னன்னு கேப்பீங்க. எந்த விதியில மோதறாங்கன்னு சொல்லுங்க, சொல்றேன். 1994 அமெச்சூர் விதின்னா மூணு நிமிஷத்துல மூணு ரவுண்டு, தலைக்கவசம் உண்டு. அஞ்சு நடுவர்ல மூணு பேர் ஒரு செகண்டுக்குள்ள பட்டனை அழுத்தினாத்தான் பாயிண்ட். வேகமா தொட்டுட்டு விலகறவருக்கான ஆட்டம் அது. தேவராஜன் பக்கம் நிப்பேன். தலைக்கவசத்தைக் கழட்டி, மெஷினையும் தூக்கிட்டு, ரவுண்டை ஏத்திட்டே போங்க. அப்போ நான் வாயைத் திறக்க மாட்டேன். ஏன்னா முத்து பத்தாவது ரவுண்டுல எப்படி நிப்பாருன்னு காட்ட என்கிட்ட ஒரு துண்டு ஃபிலிம் இல்ல.

மார்சியானோவுக்கு 49 சண்டை, 49 வெற்றி. உலகத்துல எங்க இருந்தும் ஒவ்வொண்ணையும் எடுத்துப் பார்க்கலாம். சார்பட்டாவும் இடியப்ப நாயக்கர் பரம்பரையும் மோதினதைப் பார்க்க ஊரே திரண்ட வடசென்னையில, அந்தக் கணக்கு தாத்தாங்க ஞாபகத்துலதான் இருக்கு. அவங்க போனா அதுவும் போயிடும். அப்புறம் எல்லாருக்கும் 1500-தான்.

அதனால அந்தப் புரோகிராமை நிறுத்தி வச்சிருக்கேன். இந்த ஞாயிற்றுக்கிழமை தாத்தா வீட்டுக்குப் போறேன், ரெக்கார்டரோட. உங்க வீட்டுல பழைய நோட்டீஸ், டிக்கெட், போட்டோ எதாவது இருந்தா பழைய பேப்பரோட போட்டுடாதீங்க. போட்டோல இருக்கறது யாருன்னு கேட்டுப் பின்னாடி எழுதி வைங்க. முடிஞ்சா தேதியும், எத்தனை ரவுண்டுன்னும். எடை கிடைச்சா ரொம்ப சந்தோஷம்.

காலிக் கட்டத்துல பாதியாவது நிரம்பட்டும். அப்புறம் மறுபடியும் என்டர் தட்டுவோம்.