குப்பியை விட்டு வந்த ஆர்கிட் கன்றுக்கு முதல் முப்பது நாள்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



ஆர்கிட் பூ வளர்ப்பு பற்றிப் பேசச் சொன்னாங்க. பூவைப் பற்றி நான் அதிகம் பேசப் போறதில்லை. குப்பியில இருந்து எடுத்த கன்று பூக்க ரெண்டு மூணு வருஷம் ஆகும். ஆனா அதிகமும் கன்று சாவது முதல் முப்பது நாளைக்குள்ளதான். அந்த முப்பது நாளைப் பற்றித்தான் சொல்றேன்.

இது நமக்குப் புதுச் செடி இல்லை. மலையோரத்துல அயினி, பலா மரங்கள்ல ஒட்டிக்கிட்டு நிக்கும், மலையாளத்துல மரவாழைன்னு சொல்லுவாங்க, அதுவும் ஆர்கிட் சாதிதான். மரத்தோட சாறை அது உறிஞ்சாது, நிக்க இடம் மட்டும்தான் கேக்கும். அதுக்காகப் பேச்சிப்பாறை, கோதையாறு பக்கம் போறவங்க பறிச்சுப் பையில போட்டுட்டு வந்திராதீங்க. அந்தக் காடு கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம். அங்கிருந்து எதையும் எடுக்கக் கூடாது. நாம வளர்க்கிறது கடையில விக்கிற டென்ட்ரோபியம் வகை.

ஏன் குப்பியில வளருதுன்னு கேப்பீங்க. தேங்காய்க்குள்ள பருப்பு இருக்கு, நெல்லுக்குள்ள அரிசி இருக்கு. முளைக்கிற குருத்துக்கு அதுதான் சாப்பாடு. ஆர்கிட் காயில லட்சக்கணக்கா விதை இருந்தாலும், தூசி மாதிரிப் பொடி விதை. அதுக்குள்ள சாப்பாடு கிடையாது. காட்டுல ஒரு வகைப் பூஞ்சை வந்து ஊட்டினாத்தான் முளைக்கும். 1922-ல அமெரிக்காவுல லூயிஸ் நட்சன்னு ஒரு விஞ்ஞானி, சர்க்கரையும் தாது உப்புகளும் கலந்த கடல்பாசிக் களியில விதையைப் போட்டு, பூஞ்சை இல்லாமலே முளைக்க வச்சுக் காட்டினார். நோன்பு நாள்ல வீடுகள்ல காய்ச்சுற அதே கடல்பாசிதான். அதுக்குப் பிறகுதான் உலகம் பூரா குப்பிக் கன்று வந்தது. விதை இல்லாம, செடியோட திசுவை வச்சே குப்பியில வளர்க்கிறதும் இப்ப உண்டு. நமக்குப் பக்கத்துல, திருவனந்தபுரம் மாவட்டம் பாலோட்டுல இருக்கிற ஜவஹர்லால் நேரு தாவரவியல் தோட்டத்துல இந்த வேலை நடக்குது.

இப்ப விஷயத்துக்கு வாறேன். குப்பிக்குள்ள இருக்கிற கன்று சொந்தமாச் சமைச்சுச் சாப்பிட்டது கிடையாது. சர்க்கரை கையில கிடைச்சிருக்கு. உள்ளே காத்து முழுக்க ஈரம். அதனால இலைமேல மெழுகுப் பூச்சு சரியா வளரலை. இலையில இருக்கிற சின்னத் துளைகளுக்கு மூடிக்கிடவும் தெரியாது. வெளியே எடுத்த உடனே இலை வழியா தண்ணி போய்க்கிட்டே இருக்கும். இலை வாடுது, நாம என்ன செய்வோம்? பாவம்னு வேர்ல தண்ணியை ஊத்துவோம். வேர் அழுகிப் போகும். வாடிச் செத்த கன்றைவிட தண்ணியில மூழ்கிச் செத்த கன்றுதான் நான் அதிகம் பாத்திருக்கேன். இந்தக் கன்றுக்கு ஈரம் காத்துல வேணும், வேர்ல தேங்கி நிக்கக் கூடாது. இது ஒண்ணு மனசுல நின்னாப் போதும், மத்ததெல்லாம் தன்னால வரும்.

குப்பி வந்த அன்னைக்கே திறக்காதீங்க. வெயில் நேரா படாத, வெளிச்சம் உள்ள இடத்துல ஒரு வாரம் அப்படியே இருக்கட்டும். திறக்கிற அன்னைக்கு சுத்தமான தண்ணியைக் குப்பிக்குள்ள கொஞ்சம் ஊத்தி மெல்லக் குலுக்கினா களி இளகிக் கொடுக்கும். வாய் சின்னக் குப்பியா இருந்தா கன்றைப் பிடிச்சு இழுக்க வேண்டாம், வேர் அறுந்து போகும். துணியில சுத்தி, குப்பியை மெல்லத் தட்டி உடைச்சிரலாம். குப்பி போனாப் போகட்டும். பிறகு வேர்ல ஒட்டியிருக்கிற களியைக் கொஞ்சம்கூட விடாமக் கழுவணும். அதுல சர்க்கரை இருக்கு. சர்க்கரை இருந்தா பூஞ்சை வரும். பொறுமை இல்லாதவங்க இந்த வேலையை வேற ஆள்கிட்ட கொடுத்திருங்க.

கழுவினதை ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு கிராம் கார்பன்டாசிம் கலந்த கரைசல்ல பத்து நிமிஷம் முக்கி எடுத்து, நிழல்ல காகிதத்து மேல ஈரம் வடிய விடணும். அது விஷ மருந்து. கையுறை போடுங்க, சமையல் பாத்திரத்துல கலக்காதீங்க, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்துல வைங்க. வடிஞ்ச பிறகு பெருசு, நடுத்தரம், சின்னது என்று பிரிச்சு, ஒவ்வொரு வகையையும் தனித்தனித் தட்டுல நடணும். கலந்து நட்டா பெருசுக்கு ஏத்த தண்ணி சின்னதைக் கொன்னுரும்.

மண்ணுல நடக் கூடாது. அடியில உடைஞ்ச ஓட்டுத் துண்டு, மேலே சிரட்டைக் கரியும் சின்னதா வெட்டின கதம்பைத் துண்டும். இது ரெண்டுக்கும் நம்ம ஊர்ல பஞ்சம் இல்லை. ஆனா காயல் பக்கம் அழுகப் போட்ட கதம்பை வேண்டாம், உப்பு ஏறியிருக்கும். வீட்டுக் கதம்பையையும் நல்ல தண்ணியில ஊறப்போட்டு, காவி நிறம் போற வரைக்கும் தண்ணியை மாத்தி மாத்திக் கழுவணும். கடற்கரை ஊர்க்காரங்க கிணத்துத் தண்ணி உப்புக் கரிச்சா அதைத் தெளிக்காதீங்க. மழைத்தண்ணியைப் பிடிச்சு வைங்க.

முதல் ரெண்டு வாரம் தட்டுக்கு மேலே கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் மூடி ஒண்ணு போட்டு வைக்கலாம். தினமும் கொஞ்ச நேரம் திறக்கணும். அந்த நேரத்தை நாளுக்கு நாள் கூட்டிக்கிட்டு வந்து, மூணாவது வாரத்துல மூடியை எடுத்திரலாம். தண்ணியை ஊத்தாம, பனி மாதிரி தெளிப்பானால தெளிக்கணும். காலையில தெளிங்க. பொழுது சாயும்போது நடுக்குருத்துல ஒரு சொட்டுத் தண்ணி நிக்கக் கூடாது. ஒரு மாசம் ஆனபிறகு, ஒரு லிட்டருக்கு அரை கிராம் 19:19:19 உரம், வாரத்துக்கு ஒரு தடவை போதும்.

நம்ம மாவட்டம் சின்னதுதான், ஆனா காத்து ரெண்டு விதம். ஆரல்வாய்மொழி, தோவாளை பக்கம் உள்ளவங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம், முப்பந்தல்ல காத்தாடி அவ்வளவு நட்டிருக்கிறது சும்மாவா? அங்க காத்து இலையில இருக்கிற ஈரத்தை உருவிரும். காத்து வாற பக்கம் மறைப்பு கட்டணும், தெளிக்கிறதும் ஒரு தடவை கூடுதலா வேணும். குலசேகரம், அருமனை, திற்பரப்பு பக்கம் நேர் எதிர். அங்க காத்துல ஈரம் நிறைய, அழுகல்தான் எதிரி. தட்டை நெருக்கி வைக்காதீங்க, மேலே மழை இறங்காத கூரை வேணும். எல்லாருக்கும் 75 சதவீத நிழல்வலை கட்டாயம். ஆனா நிழல்வலை மழையைத் தடுக்காது, அதை மறந்திராதீங்க. நமக்கு ரெண்டு மழைக்காலமும் உண்டே. என்னைக் கேட்டா, ஆனி ஆடிச் சாரல் குறைஞ்சு ஆவணி பிறக்கும்போது குப்பியைத் திறக்கலாம். ஐப்பசி அடைமழைக்கு முன்னால ரெண்டு மாசம் கிடைக்கும், வேர் பிடிச்சிரும்.

தினமும் ஒரு தடவை உக்காந்து பாக்கணும். குப்பியில இருந்து வந்த அடி இலை மஞ்சளாகி உதிர்ந்தா பயப்படாதீங்க. இலை தண்ணி கோத்த மாதிரி கண்ணாடியா ஆனா, அந்தக் கன்றை அப்பவே எடுத்திரணும். பாவம் பாத்தா பக்கத்துல உள்ளதும் போகும். ராத்திரி டார்ச் அடிச்சு நத்தை பாருங்க, இளவேரை அது ருசிச்சுத் தின்னும். வேர் நுனி பச்சையா தெரிஞ்சாலோ, அடியில முந்தினதைவிடத் தடிச்ச புதுக் குருத்து வந்தாலோ, அது பிழைச்சிட்டுன்னு அர்த்தம்.

இனி பணம். குழுக் கடன்ல குப்பி வாங்கலாமான்னு நிறையப் பேர் கேட்டீங்க. கடனுக்குத் தவணை அடுத்த மாசமே வந்திரும். பூ ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் வரும். இடையில தவணைக்கு எங்க போவீங்க, தாலியையா வைப்பீங்க? அதனால கடன் எடுத்து அஞ்சு பேர் அஞ்சஞ்சு குப்பி வாங்குறதை நான் ஒத்துக்கிட மாட்டேன். குழுவுக்கு ஒரே ஒரு குப்பி, எல்லாரும் சேர்ந்து சொந்தக் காசுல வாங்குங்க. முறை வச்சுப் பாருங்க. எத்தனை கன்று பிழைச்சதுன்னு தீர்மான நோட்டுல எழுதி வைங்க. பாதிக்கு மேலே பிழைக்க வைக்கிற கை வந்தபிறகு அடுத்ததை யோசிக்கலாம். அப்பவும் பூவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆறு மாசம் தேறின கன்றுக்கே வாங்க ஆள் உண்டு. பூ வளர்க்கிறவங்கள்ல நிறையப் பேர் குப்பியைத் தொடப் பயப்படுறாங்க, தேறின கன்றைத்தான் தேடுறாங்க. செடியை வளர்த்தா திரும்ப வாங்கிக்கிடுவோம்னு வாயால சொல்லிக் குப்பி விக்கிறவங்க வந்தா, எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்க. மத்த சந்தேகங்களுக்குத் திருப்பதிசாரத்துல வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு, பேச்சிப்பாறையில தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கு. போய்க் கேளுங்க.

பின்னால மேசையில மூணு தட்டு கொண்டு வந்து வச்சிருக்கேன், இருபது நாள் ஆன கன்று. சாப்பாடு முடிஞ்சு வந்து பாருங்க. கரியையும் கதம்பையையும் தொட்டுப் பாத்து ஈரம் எவ்வளவுன்னு தெரிஞ்சுக்கிடுங்க. குருத்தை மட்டும் தொடாதீங்க.