பிள்ளைக்கு ஒரு கம்பளி

ராமகுப்பம் பக்கத்திலிருந்து புற்றுநோய் வந்த பிள்ளையை வேலூர் சி.எம்.சி.க்குக் கூட்டிப் போகும் பெற்றோரிடம், பெட்-சி.டி. ஸ்கேன் எடுக்க மருத்துவர் சொல்லலாம். சி.டி. கட்டியின் இடத்தையும் அளவையும் காட்டும். அந்தக் கட்டி சர்க்கரையை உறிஞ்சி இன்னும் வளர்கிறதா என்பதை பெட் காட்டும். 1998-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் டேவிட் டவுன்சென்ட் குழு இரண்டையும் ஒரே கருவியாக்கியது. நிணநீர்ப் புற்றுநோயில் சிகிச்சைக்குப் பின் மிஞ்சுவது நோயா, வெறும் தழும்பா என்று கண்டுபிடிக்க இது பெரிய துணை. இந்த ஸ்கேனுக்காக ஊசியில் போகும் சர்க்கரையின் கதிரியக்கம் 110 நிமிடத்துக்கொரு முறை பாதியாகும்.

முக்கியமான ஒன்று: குளிரடித்தால் பிள்ளைகளின் கழுத்து, தோளில் உள்ள பழுப்புக் கொழுப்பும் சர்க்கரையை உறிஞ்சி, படத்தில் நோய்போலவே ஒளிரும். அதனால் விடிகாலைப் பேருந்து ஏறும் அம்மாக்களே, ஸ்வெட்டரும் கம்பளியும் மறக்காதீர்கள். ஸ்கேனுக்கு முன் எத்தனை மணி நேரம் வெறும் வயிற்றில் இருக்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.